நாற்காலி அறையிலிருந்து வாசித்தது

சிரிக்கப் போகிறீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் போகிறீர்கள், அதற்கு நான் கியாரண்டி, ஆனால் இப்போதே இல்லை, கொஞ்சம் பொறுக்கணும், நானே பொறுத்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறேன், மாதா கோயில் பங்கு மண்டபத்தை ஒட்டின நாற்காலி அறையில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரைவரை ஏற்றி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் போன கிறிஸ்துமஸ் குடிலின் வைக்கோல் மூட்டைக்கும் நடுவில், மடியில் கிட்டார், வலது காலுக்குக் கீழே பெடல், மூக்குக்குள் தும்மல். தும்மக்கூடாது. தும்மினால் எல்லாம் போச்சு. வந்தே தீரும் என்றால் கோயில் மணியடித்துப் பெருக்குகிற கோயில்பிள்ளை அருளப்பன் அண்ணன் குரலில் தும்மித் தப்பித்துக்கொள்ளலாம், அவர் தும்மல் மூன்று அடுக்கு, முதலில் ஒரு எச்சரிக்கை, அப்புறம் ஒரு யோசனை, அப்புறம்தான் வெடி, கேட்கிறவர்கள் ஓ அருளப்பன் வைக்கோலைத் தட்டுகிறார் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு வராத குரல் இந்தப் பங்கில் கிடையாது. பங்குச் சாமியார் மைக்கில் இருமுகிற மாதிரி இருமி, இன்றைக்கு மறைக்கல்வி வகுப்பு இல்லை பிள்ளைகளே என்று நான் சொன்னதும் மொத்தப் பிள்ளைகளும் கடற்கரைக்கு ஓடினார்களே, அது நான்தான். மீன் ஏலம் கூவுகிற சிலுவை மாமா வீட்டுக்குள் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது வெளியே அவர் குரலில் ஒரு கூடை சீலாவை ஏலத்துக்கு விட்டதும் நான்தான், அதை வாங்கப் போனவர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. அதெல்லாம் சின்ன விளையாட்டு. இன்றைக்கு நடக்கப் போவதுதான் பெரிசு. திட்டம் என்னவென்றால், சுவருக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் என் தோழி பிரிஸ்கா கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருப்பாள். கீபோர்டில் சிவப்பு விளக்கு எரியும், ஆனால் சத்தம் வராது, ஏனென்றால் அதற்கென்று சொந்த ஸ்பீக்கர் கிடையாது, பெரிய ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரைப் பிடுங்கிவிட்டு என் பெடலிலிருந்து கதவடி வழியாக நீள ஒயர் ஒன்று இழுத்து அங்கே செருகியிருக்கிறோம். பிரிஸ்கா செருப்புக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் இங்கே வாசிப்பேன். அவள் அங்கே விரலை ஆட்டுவாள். பாட்டுக் குழுவை நடத்துகிற கஸ்மீர் மாஸ்டர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும்போது, வயலின் சத்தம் வருகிற இடத்தில், பிரிஸ்கா கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிவிடுவாள். சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். மாஸ்டர் கண்ணைத் திறப்பார். அந்த முகம். அதற்குத்தான் இத்தனை பாடும்.

பெடல் என்றால் சைக்கிள் பெடல் இல்லை, சோப்புப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு இரும்புப் பெட்டி, நான்கைந்து திருகு, நடுவில் காலால் அமுக்க ஒரு பொத்தான், கிட்டார் ஒயர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வேறு ஆளாக வெளியே வரும். கப்பலில் வேலை பார்க்கிற சின்ன மாமா எங்கேயோ ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தது. அம்மா அவரிடம் கேட்டது சென்ட். சென்ட் வரவில்லை, இது வந்தது, அம்மா ஒரு வாரம் தம்பியோடு பேசவில்லை. மாமாதான் சொன்னார், அந்தக் காலத்தில் வெளிநாட்டில் ஒரு கீபோர்டு இருந்ததாம், அலமாரி மாதிரி கனம், ஒவ்வொரு கட்டைக்குக் கீழேயும் ஒரு துண்டு டேப்பு, அந்த டேப்பில் நிஜமாகவே ஒரு ஆள் நிஜமாகவே ஒரு புல்லாங்குழலை ஊதிப் பதிந்திருப்பார்களாம். கட்டையை அமுக்கினால் டேப்பு ஓடும், புல்லாங்குழல் வரும். எட்டு விநாடிதான். அதற்குமேல் டேப்பு இல்லை, எவ்வளவு அமுக்கினாலும் மௌனம்தான். விட்டால் ஸ்பிரிங் டேப்பைப் பின்னால் இழுத்துக்கொள்ளும், மறுபடி அமுக்கணும். இந்தப் பெடல் அந்தக் கீபோர்டைப் போல நடிக்கிறது. ஒரு திருகைத் திருப்பினால் புல்லாங்குழல், அடுத்தது வயலின், அடுத்தது செல்லோ, அடுத்தது ஆட்கள், ஒரு கூட்டம் ஆட்கள் வாயைத் திறந்து ஆ என்று நிற்பார்கள். முதல் தடவை அந்த ஆ-வைக் கேட்டபோது எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. யார் இவர்கள்? ஒரு நாள் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போய் ஒரு அறையில் நின்று பாடிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள். அதற்குப் பிறகு எவன் கட்டையை அமுக்கினாலும் பாடியாக வேண்டியதுதான், அவர்கள் செத்துப் போயிருந்தாலும் சரி. அதைவிட எனக்குப் பிடித்தது அந்த நடுக்கம். பழைய டேப்பு ஒழுங்காக ஓடாதாம், கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் தள்ளாடும், சத்தம் காய்ச்சல்காரன் மாதிரி லேசாக ஆடும். பெடல் அந்த ஆட்டத்தையும் சேர்த்து நடிக்கிறது. இதைச் செய்தவன் பெரிய ஆள். குரலை எடுப்பது ஒரு வித்தையே இல்லை, ஒரு ஆளின் குறையை எடுக்கணும். சாமியாரின் குரல் எனக்கு வரவே இல்லை, அவர் இருமலை எடுத்த பிறகுதான் குரல் தானாக வந்தது. இதைப் பிரிஸ்காவிடம் சொன்னேன். குறையைப் பிடிச்சா ஆளே கிடைச்சுருவாவட்டி என்றேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவளைப்போலக் கேட்கிறவள் கிடையாது, நான் எதைச் சொன்னாலும் கேட்பாள், மறுபடி சொல்லு என்பாள்.

தும்மல் போய்விட்டது. இன்னும் தட்டவில்லை. மண்டபத்தில் மின்விசிறி சுற்றுகிறது, கடைசி விசிறிக்கு மட்டும் ஒரு டிக் உண்டு, அதையும் நான் நாக்கால் செய்வேன். யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். கஸ்மீர் மாஸ்டர் வந்துவிட்டார், நடை தெரிகிறது, ஆனால் நடையில் இன்றைக்கு ஒரு கிறீச் இருக்கிறது, ஷூ, பாடல் பயிற்சிக்கு வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு வருகிற மனுசன் ஷூ போட்டு வந்திருக்கிறார், எங்கேயாவது கல்யாணத்துக்குப் போய்விட்டு நேரே வந்திருப்பார். அந்தக் கிறீச்சை எடுக்கணும், பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் காற்றை இழுத்தால் வரும். வருகிறது. மாஸ்டரை எனக்குப் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். பிடிக்கும், அதுதான் தொந்தரவு. திருவிழா ஒத்திகையில் அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரம் அவர் குரலில் ஆண்கள் பகுதிக்கு நான் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன், அவர் எப்போதும் தாளத்தை விட்டுவிட்டு அந்தப் பழியை எங்கள்மேல் போடுவாரே, அதையும் சேர்த்து. எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றபோது அவர் வாசலில் நின்றிருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எல்லாரு குரலும் உனக்கு வருது, உனக்குன்னு உள்ள குரலை ஒருநாளாவது கேட்டுருக்கியாம்மா, என்றார். அவ்வளவுதான். அன்றையிலிருந்து குழுவில் நான் இல்லை, அவரும் வா என்று கூப்பிடவில்லை, நானும் போகவில்லை, அவர் சொல்ல வேண்டியதைப் பிரிஸ்காவிடம் சொல்லி அனுப்புவார், நான் சொல்ல வேண்டியதைப் பிரிஸ்கா கொண்டு போவாள். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. ராத்திரி படுத்தால் வரும், அவர் குரலிலேயே வரும், அவ்வளவு நன்றாக எடுத்துவைத்திருக்கிறேன். பெடல் வந்த பிறகுதான் மொட்டைமாடியில் உட்கார்ந்து அந்த மெட்டு வந்தது. ஆட்கள் ஆ என்று நிற்கிற சத்தத்தில் ஒரு சுரத்தை அமுக்கி, டேப்பு தீர்ந்துபோகிற அந்த நுனியில் அடுத்ததைப் பிடித்து, தீர்வதற்கு முன்னால் ஒன்று, தீர்ந்த பிறகு ஒன்று, மூச்சு முட்டி மூச்சு விடுகிற மாதிரி. வாசித்து முடித்ததும் பயம் வந்தது. இது யாருடையது என்று யோசித்தேன். மாஸ்டர் போட்ட பாட்டா, இல்லை. ரேடியோவில் கேட்டதா, கல்யாண வீட்டில் கேட்டதா, எதிர்வீட்டு ரிங்டோனா. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், எதிலும் ஒட்டவில்லை. பிரிஸ்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். யாரு மாதிரிட்டி இது, என்றாள். யாரு மாதிரியும் இல்ல, என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, அதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

இடம் ஒன்றுதான். அதையும் சொல்லிவிடணும். சென்னையில் ஒரு இசைப் பள்ளி, அவர்களே வந்து கேட்டு ஒரு பங்கிலிருந்து ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள், தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்கள் பங்குக்கு முறை இந்த வருசம். இனி ஒரு முறை வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும். பாட்டோ வாசிப்போ எதுவானாலும் சொந்தமாக ஒன்று இருக்கணுமாம், அதைக் கேட்டதும் எனக்கு மொட்டைமாடி ஞாபகம் வந்தது, ஞாபகம் என்ன, வேறெதுவுமே இல்லை அதற்குப் பிறகு, சோற்றைப் பிசைகிற கையிலும் அந்த மெட்டு. மாஸ்டர் என் பெயரையும் கொடுத்திருக்கிறார் என்று பிரிஸ்காதான் வந்து சொன்னாள், எனக்கு அழுகை வந்து அதை மறைக்க அவள் அப்பா குரலில் பேசினேன். பிறகு, தள்ளிப்போச்சாம்ட்டி, அடுத்த மாசம்தான் வருதாவளாம் என்றும் அவள்தான் வந்து சொன்னாள். நல்லதுதான். அதற்குள் நடுப்பகுதியைச் சரிசெய்யலாம். அதோடு மாஸ்டரைச் சமாதானப்படுத்தவும் ஒரு வழி வேண்டாமா, அப்போதுதான் இந்த விளையாட்டைப் பிரிஸ்கா சொன்னாள். ஆமாம், இதை அவள்தான் சொன்னாள். வழக்கமாக நான்தான் சொல்வேன், அவள் பயந்து நகத்தைக் கடிப்பாள், இந்தத் தடவை அவளே சொன்னாள், எனக்குப் பெருமையாக இருந்தது, பிள்ளை தேறிவிட்டது என்று முதுகில் ஒன்று வைத்தேன். மாஸ்டர் முதல்ல ஏமாறட்டும், பொறவு நீதான் வாசிச்சேன்னு தெரிஞ்சா மனசு இளகிரும், அந்த உன் மெட்டையும் கடைசில வாசி என்றாள். அவள் வீட்டில்தான் ஒத்திகை. அவள் விரல் என் மெட்டுக்குத் தகுந்த கட்டையில் விழவேண்டும் அல்லவா, இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், அதற்காகத் திரும்பத் திரும்ப வாசித்தேன், நான் கம்பியை வளைக்கிற இடத்தில் அவள் கீபோர்டின் ஓரத்துச் சக்கரத்தை உருட்டணும், அதையும் பழகினாள். அவள் அம்மா ரீத்தாள் அத்தை மக்ரூன் கொண்டு வந்து வைத்தாள். இந்த வருசத்தோடு பிரிஸ்காவுக்குப் படிப்பு போதும், மணப்பாடு ஊர்க் கப்பல்காரன் ஒருவனுக்குப் பேசி வைத்திருக்கிறார்கள், அவன் அம்மா போனில் பேசுகிற மாதிரி நான் பேசினால் பிரிஸ்கா தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பாள், சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். அத்தை மக்ரூன் தட்டை நீட்டிக்கொண்டே, எம்பிள்ளைக்கு ஒரு வழி பொறந்துட்டா உனக்கும் சந்தோசம்தானம்மா, என்றாள். அந்தச் சந்தோசம்-இல் அத்தைக்கு ஒரு எச்சில் முழுங்கல் உண்டு, சந்-தோசம் என்று நடுவில் ஒரு படி இறங்குவாள், அத்தை போன பிறகு அதை நான் செய்து காட்டினேன், அச்சு அசல். பிரிஸ்கா சிரிக்கவில்லை. வாசி, இன்னொரு தடவை வாசி என்றாள்.

பீங்கான் சத்தம். கப்பும் சாஸரும். பயிற்சிக்கு எங்களுக்குத் தருவது எவர்சில்வர் டம்ளரில் பாதி டீ, இன்றைக்கு யாருக்கு சாஸர், ஒருவேளை பிஷப், நம்ம மேற்றிராணியார், வந்துவிட்டாரா என்று எனக்கே சிரிப்பு வருகிறது, வாயைப் பொத்திக்கொள்கிறேன். பிரிஸ்காவிடம் கேட்டிருந்தேன், இன்னைக்கு ஏன் சத்தமே இல்ல, மத்தவங்க எங்கே என்று, கொஞ்சம் பேருக்கு மட்டும்தான் பயிற்சின்னு மாஸ்டர் சொல்லிட்டாவ என்றாள். இப்போது ஒரு குரல். இது யார்? ஒரு பெண். எனக்குத் தெரியாத குரல். இந்த மண்டபத்தில், இந்தப் பங்கில், இந்த ஊரில் இல்லாத குரல். என் காது அப்படியே நிமிர்ந்து உட்கார்கிறது, மீன்காரி சத்தம் கேட்ட பூனை மாதிரி. என்ன குரல் அது, அடித்தொண்டையில் மணல் மாதிரி ஒரு கரகரப்பு, ஆனால் மேலே மெல்லிசு, மணலுக்கு மேல் தண்ணீர் ஓடுகிற மாதிரி. வயசு அம்பது இருக்கும். வாக்கியம் முடிகிற இடத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம், மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற ஆள் மாதிரி ஒரு தடவல், அப்புறம்தான் வினைச்சொல். நாங்க நேத்தே… கிளம்பிட்டோம். வழியில மழை… பிடிச்சுகிட்டது. ஐயோ, என்ன குறை, என்ன அழகான குறை, இதை நான் விடமாட்டேன். மாஸ்டருக்குச் சொந்தக்காரியாக இருக்கும், மெட்ராஸ் பக்கத்து ஆள், அங்கேதான் பிடிச்சுகிட்டது என்பார்கள். உதட்டை அசைத்துப் பார்க்கிறேன். மழை… பிடிச்சுகிட்டது. நிறுத்தம் சரி, மணல் போதவில்லை. மாஸ்டர் ஏதோ சொல்கிறார், அவர் குரல் எனக்கு எதற்கு, அது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, நகருங்கள் மாஸ்டர், அந்த அம்மா பேசட்டும்.

டக் டக். தட்டிவிட்டாள். திருகு புல்லாங்குழலில். முதலில் சும்மா ஒரு ஞானப் பாட்டு, மாஸ்டருக்குப் பிடித்தது, மெல்லிசுக் கம்பியில் மட்டும், சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய ஸ்பீக்கரில் யாரோ எப்போதோ ஊதிய புல்லாங்குழல் எழும்புகிறது, லேசாகக் காய்ச்சலோடு. என் விரலுக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பது வேடிக்கையாக இருக்கிறது, இங்கே கம்பியின் டிங் டிங் கொசு மாதிரி, அங்கே கடல். தப்பு விடவில்லை. நான் விட்டிருந்தால் பிரிஸ்கா மாட்டுவாள். அடுத்து வயலின். இதுதான் இடம். இதுதான், இதற்காகத்தான் உங்களைப் பொறுக்கச் சொன்னேன், இப்போது அவள் கையைத் தூக்குவாள், நான் நீளமாகப் பிடிக்கிறேன், டேப்பு தீர்கிறவரை, மறுபடி, தீர்கிறவரை, இப்போது மாஸ்டர் ஏ என்பார், ஷூ கிறீச்சிடும், நாற்காலி விழும், அந்த அம்மாவும் மணல் குரலில் ஏதாவது கத்துவாள், அதையும் எடுத்துவிடலாம், மறுபடி பிடிக்கிறேன். ஒன்றும் இல்லை. விசிறியின் டிக். தூக்கியிருப்பாள், மாஸ்டர் இன்னும் கண்ணைத் திறந்திருக்கமாட்டார். இல்லை அவளுக்குக் கை வரவில்லை, பயந்தாங்கொள்ளி, எனக்குத் தெரியும், கடைசி நேரத்தில் காலை வாரிவிடுவாள். சரி, மெட்டுக்குப் போவோம், அதன் நடுவில் தூக்கட்டும். திருகு ஆட்களுக்கு. ஆ. நின்றுவிட்டார்கள். எத்தனையோ வருசத்துக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றவர்கள் எங்கள் பங்கு மண்டபத்தில், மாதா படத்துக்கும் தண்ணி டிரம்முக்கும் நடுவில் வாயைத் திறந்து நிற்கிறார்கள், நான் சொல்வதைப் பாடுகிறார்கள். முதல் சுரம், அது தீர்கிற நுனி, அடுத்தது. மூச்சு முட்டி, மூச்சு விட்டு. விளையாட்டு மறந்துபோகிறது. கண்ணை நான்தான் மூடியிருக்கிறேன். கம்பியை வளைக்கிற இடம் வருகிறது, வளைக்கிறேன், ஆட்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு படி மேலே ஏறிப்போய் அங்கே நிற்க முடியாமல் நடுங்கி நிற்கிறார்கள். முடிந்தது. கடைசிச் சுரத்தை டேப்பு தானே நிறுத்தட்டும் என்று விட்டேன். நின்றது.

யாரும் கத்தவில்லை, நாற்காலி விழவில்லை. சாஸரில் கப்பை வைக்கிற சத்தம் மட்டும், மெதுவாக, தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி. பிறகு அந்த அம்மா. அந்த நடுப்பகுதியில ஒரு சுரம் செத்துப்போய், மறுபடி… பொறக்குதே, அது எப்படிம்மா? பொறக்குதே-வில் மணல் அதிகம், நன்றாகக் கேட்டுக்கொண்டேன். பிரிஸ்கா பதில் சொல்கிறாள். தீர்றதுக்கு முன்னால ஒண்ணு, தீர்ந்த பொறவு ஒண்ணு மேடம், மூச்சு முட்டி விடுத மாதிரி. நான் சொன்னதேதான். ஞாபகம் வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி, மாட்டிக்கொள்ளாமல் சமாளிக்கிறாள். பழைய டேப் கீபோர்டு ஒண்ணு உண்டு மேடம், அதுல உள்ள நடுக்கம்தான் இது, குறையைப் பிடிச்சா ஆளே கிடைச்சுருவாவ. அதுவும் நான் சொன்னது. அவள் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் குட்டியாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள், ஹ் என்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற ஆள் இழுக்கிற மாதிரி. பிரிஸ்காவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. யாருக்கு உண்டு? எனக்குத் தெரிந்த குரல்தான், வாசலில் நிற்கிற ஆளின் பெயர் வராத மாதிரி வரவில்லை, யாரோ நான் தினமும் கேட்கிற ஆள். மாஸ்டர் கேட்கிறார், மார்சலின் வரலியாம்மா, அவகிட்ட சொன்னியா? என்னைத்தான் கேட்கிறார், இது நல்ல கேள்வி, என்ன சொல்லப் போகிறாள் பார்ப்போம், நான் வைக்கோல் மூட்டையில் சாய்ந்துகொள்கிறேன். பிரிஸ்கா சொல்கிறாள்.

“சொன்னேன் மாஸ்டர். அவளுக்கு இஷ்டமில்ல. எல்லாத்தையும் விளையாட்டுன்னு நெனைக்கிறவ.”

ஆகா, என்ன நடிப்பு. ஒரு தடங்கல் இல்லை, குரலில் ஒரு சின்ன வருத்தம்கூட வைத்தாள், நான் கற்றுக்கொடுத்ததை விட நன்றாகச் செய்கிறாள், மாஸ்டர் பெருமூச்சு விடுவது இங்கே கேட்கிறது, ஏமாந்துவிட்டார், முழுசாக ஏமாந்துவிட்டார், இப்போது நான் கதவைத் திறந்துகொண்டு போய் நின்றால். இஷ்டமில்ல என்றால் எதற்கு இஷ்டமில்லை? பயிற்சிக்கு. நான்தான் குழுவிலேயே இல்லையே, எனக்கு எதற்குப் பயிற்சி, என்னிடம் எதைச் சொல்லச் சொன்னார். இருக்கட்டும், அந்த அம்மா பேசுகிறார், அதை விடக்கூடாது. இந்த மெட்டு யாரு… போட்டது என்கிறார். நான்தான் மேடம் என்கிறாள் பிரிஸ்கா, முன்னால் அந்தக் குட்டி மூச்சு. அந்த அம்மா ரொம்ப மெதுவாக, மணல் எல்லாம் அடங்கிப்போய் வெறும் தண்ணீர் மட்டும் ஓடுகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்கிறார், இதுவரை சொன்னதிலேயே அதுதான் சரியான வாக்கியம், குறை முழுசாக அதில் இருக்கிறது, நிறுத்தம் அவ்வளவு நீளம். இதை வாயில் போட்டுப் பார்த்தே ஆகணும். காதில் கேட்பது போதாது, ஒரு குரல் நம்முடையதாக ஆவது வாயில்தான். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே, மூச்சு அளவுக்குச் சொல்கிறேன்.

“உங்க பங்குக்கு இருக்குறது ஒரு இடம்தாம்மா. அது… உனக்குத்தான்.”

வந்துவிட்டது. அச்சு அசல். மணலும் தண்ணீரும் நிறுத்தமும். இன்னொரு தடவை சொல்கிறேன், உங்க பங்குக்கு இருக்குறது ஒரு இடம்தாம்மா, சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கு கனக்கிறது, இடம் என்கிற சொல்லில் நாக்கு நின்றுவிட்டது, அது என் வாயில் இருக்கிறது, வேறு ஒருவர் குரலில் என் வாயில் இருக்கிறது. ஒரு இடம். மாதக்கணக்காக நான் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு இடம். உனக்குத்தான். நான் சொல்கிறேன், உனக்குத்தான் என்று, யாரிடம் சொல்கிறேன். அடுத்த மாசம்தான் வருதாவளாம். யார் சொன்னது, மாஸ்டர் சொன்னதாகப் பிரிஸ்கா சொன்னது. ஷூ. சாஸர். நேற்றே கிளம்பி மழையில் வந்த சென்னைப் பள்ளிக்காரர்கள். எல்லாவற்றையும் கேட்டேன், கிறீச்சைக்கூட விடாமல் எடுத்தேன், எப்படிச் சொல்கிறார்கள் என்பதை எடுத்தேன், என்ன சொல்கிறார்கள் என்பதை எடுக்கவில்லை. அந்தக் குட்டி மூச்சு. ஹ். இப்போது தெரிகிறது யாருடையது என்று. பேசுவதற்கு முன்னால் சிரிப்பை அடக்கி மூச்சை இழுப்பது நான். எனக்கு அப்படி ஒரு குறை இருப்பது எனக்கே தெரியாது, யாரும் என்னைச் செய்து காட்டியதில்லை. அவள் எடுத்துவிட்டாள். கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக் கேட்டு எடுத்திருக்கிறாள், என் பேச்சை, என் மெட்டை, என் மூச்சைக் குறையோடு. தலையணையில் முகம் புதைத்தபோது அழுதிருக்கிறாள், மணப்பாட்டுக்குப் போகாமலிருக்க அவளுக்கும் இந்த ஒரே கதவுதான், கேட்டிருக்கலாமே, ஏட்டி எனக்குக் கொடுத்துரு என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா, மாட்டேன், சத்தியமாக மாட்டேன், அதுவும் அவளுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. கோபம் வரும் என்று பார்க்கிறேன், வருகிறது, ஆனால் மாஸ்டர் குரலில் வருகிறது, அப்புறம் அம்மா குரலில், சிலுவை மாமா குரலில், எதிலும் நிற்கமாட்டேன் என்கிறது. கதவு பக்கத்தில்தான் இருக்கிறது. தாழ்ப்பாள்கூட இல்லை. எழுந்து போய் நின்றால் என்ன சொல்வார்கள், மார்சலின் மறுபடி விளையாட வந்துவிட்டாள் என்பார்கள், பிரிஸ்கா பாவம் என்பார்கள், சீலா மீனை ஏலம் விட்டவள் சொன்னால் யார் நம்புவார்கள்.

அந்த அம்மா கேட்கிறார், போறதுக்கு முன்னால அதை இன்னொரு தடவை… கேக்கலாமா. கேக்கலாமே மேடம் என்கிறார் மாஸ்டர், அவர் குரலில் எவ்வளவு சந்தோசம், என் காலம் முழுக்க நான் எடுத்த மாஸ்டர் குரலில் அது இருந்ததே இல்லை. டக் டக். தட்டுகிறாள். அதே செருப்பு, அதே இடம். என் இடது கை கிட்டாரின் கழுத்தில் இருக்கிறது, முதல் சுரத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது, பழக்கம், விரல் நுனியில் கம்பி அழுந்துகிறது. வலது கை வரவில்லை. கட்டளை போட்டு நிறுத்தவில்லை, இதை நான் யோசித்துச் செய்கிறேன் என்று சொன்னால் பொய், அது தொடையின் மேல் அப்படியே மல்லாந்து கிடக்கிறது, யாருடைய கையோ மாதிரி. மறுபடி டக் டக், கொஞ்சம் அவசரமாக. பெடலில் விளக்கு எரிகிறது. ஆட்கள் வாயைத் திறந்து காத்திருக்கிறார்கள். விசிறியைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள், நன்றாகக் கேட்க வேண்டும் என்று. அந்த மௌனத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது, காய்ந்த பிளாஸ்டிக் சத்தம், டப், டப், டப டப், ஒயர் பிடுங்கின கீபோர்டின் கட்டைகள் ஏறி இறங்குகிற சத்தம். அவள் ஆரம்பித்துவிட்டாள், நான் வருவேன் என்று நம்பி ஆரம்பித்துவிட்டாள், இல்லை வரமாட்டேன் என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு நாற்காலி பின்னால் நகர்கிறது. ஷூ கிறீச்சிட்டு, நின்று, மறுபடி கிறீச்சிட்டு, கீபோர்டை நோக்கி நடக்கிறது. பிரிஸ்கா நிறுத்தவில்லை. முதல் சுரம், அது தீர்கிற நுனி, அடுத்தது, வளைகிற இடத்தில் ஓரத்துச் சக்கரம் உருளுகிற சின்ன உராய்வு. கண்ணை மூடிக் கேட்கிறேன். என் மெட்டு முழுசும் அதில் இருக்கிறது, ஒரு கட்டைகூடத் தப்பவில்லை.